ஊன்றுகோலும் எழுதுகோலும்: உஸாமா இப்னு முன்கிதின் முதுமை

'கிழவன்' என்னும் சொல் இன்று தமிழில் ஏறக்குறைய ஒரு வசைச்சொல்லாகிவிட்டது. தொல்காப்பியத்தில் அது அகத்திணைத் தலைவனைக் குறிக்கும். கிழத்தி என்பது தலைவியைக் குறிக்கும். கிழமை என்றால் உரிமை. உரியவனைக் குறித்த சொல்லே உரிமைகளையெல்லாம் கைவிட்டு ஒதுங்கியவனைக் குறிக்கலாயிற்று. அரபு மொழியிலோ 'ஷைக்' என்ற சொல் முதியவர், குலத்தலைவர், ஆசான் ஆகிய பொருள்களை இன்றளவும் ஒருசேரத் தாங்கி நிற்கிறது. இந்த ஒரு சொல்லைக் காட்டி, முதியோரைப் போற்றும் பண்பாடு எம்முடையது என்று மேடையில் முழங்கிவிடுவது எளிது. அவ்வாறு முழங்குவோரை நாம் அடிக்கடி கேட்டுமிருக்கிறோம்.

ஆனால் அந்த முழக்கத்தைச் சற்று நின்று கவனித்தால் ஒன்று புலப்படும். அது எப்போதும் மகனை நோக்கியே பேசப்படுகிறது. பெற்றோரிடம் 'சீ' என்றுகூடச் சொல்லாதே என்னும் பொருள்பட வரும் பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் திருவசனம் எல்லா மேடைகளிலும் ஓதப்படுகிறது. அறிந்திருந்தவற்றையெல்லாம் அறியாமற்போகுமளவுக்குத் தள்ளாத வயதுக்குத் திருப்பப்படும் மனிதனைப் பற்றி அந்நஹ்ல், அல்ஹஜ் ஆகிய இரு அத்தியாயங்களில் வரும் வசனங்கள் அத்துணை ஓதப்படுவதில்லை. அத்தகைய தள்ளாமையிலிருந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பாதுகாவல் தேடியதாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள பிரார்த்தனையும் அவ்வாறே. முதுமையை அஞ்சுவது ஈமானின் குறைவன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எனினும், அஞ்சுகின்ற முதியவரின் பக்கம் நின்று அந்த அச்சம் எத்தகையது என்று கேட்போர் குறைவு. மகனின் கடமையைப் பற்றி நூல்கள் நிரம்ப உள்ளன. முதியவரின் சொல்லைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அவ்வாறு தேடுவோர்க்குக் கிடைக்கும் அரிய நூல்களுள் ஒன்று உஸாமா இப்னு முன்கித் இயற்றிய 'கிதாபுல் இஃதிபார்'. சிரியாவில் ஒரொன்டீஸ் ஆற்றங்கரையிலுள்ள ஷைஸர் கோட்டையை ஆண்ட பனூ முன்கித் குடும்பத்தில் ஹி. 488இல், அதாவது 1095ஆம் ஆண்டில் உஸாமா பிறந்தார். அதே ஆண்டில்தான் முதலாம் சிலுவைப்போருக்கான அறைகூவல் ஐரோப்பாவில் விடுக்கப்பட்டது. அவர் மறைந்த 1188இல் பைத்துல் முகத்தஸை முஸ்லிம்கள் மீட்டு ஓராண்டு கடந்திருந்தது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட காலம் முழுவதையும் ஒரு மனிதர் வாழ்ந்து தீர்த்தார். சிங்கங்களோடு பொருதினார், ஸெங்கியிடமும் டமாஸ்கஸ் அரசிலும் எகிப்தின் ஃபாத்திமிய அவையிலும் நூருத்தீனிடமும் இருந்தார். எகிப்திலிருந்து வந்த அவருடைய குடும்பத்தின் கப்பலைப் பரங்கியர் கைப்பற்றியபோது நாலாயிரம் நூல்களை இழந்தார். 1157இன் நிலநடுக்கத்தில் ஷைஸர் இடிந்து அவருடைய சுற்றத்தார் ஏறக்குறைய அனைவரும் மாண்டனர். அவர் அப்போது ஊரில் இல்லாததால் தப்பினார். பின்னர் ஹிஸ்னு கைஃபாவில் பத்தாண்டுகள் ஒதுங்கிக் கிடந்தார். 1174இல் ஸலாஹுத்தீன் அய்யூபி அவரை டமாஸ்கஸுக்கு அழைத்துக்கொண்டபோது வயது எழுபத்தொன்பது. தம் நினைவுகளை நூலாக்கியது அதற்கும் பின்னர், ஹிஜ்ரிக் கணக்கில் தொண்ணூறைக் கடந்த நிலையில்.

இந்நூலுக்கு நேர்ந்த கதி நம் பொருளுக்கு மிகவும் வேண்டியது. ஸ்பெயினின் எஸ்கோரியல் நூலகத்தில் முதற்பக்கங்கள் இழந்து கிடந்த ஒரே கைப்பிரதியை ஹார்ட்விக் தெரன்பூர் 1880இல் கண்டெடுத்தார். பிலிப் ஹித்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1929இல் வந்தது. அதன்பின் சிலுவைப்போர் வரலாறு எழுதிய எவரும் உஸாமாவைத் தொடாமல் போனதில்லை. எதைத் தொட்டனர்? காலில் சீழ்க்கட்டியுடன் வந்த வீரனுக்குக் கோடரியால் வைத்தியம் செய்த பரங்கி மருத்துவன், குளியலறையில் நாணமின்றி நடந்துகொண்ட பரங்கிப் பிரபு போன்ற நாலைந்து கதைகளை. தொகுப்பு நூல்கள் அனைத்திலும் இவையே மீண்டும் மீண்டும் வரும். இவற்றைச் சொன்னவர் நடக்கவியலாத ஒரு முதியவர் என்பது அடிக்குறிப்பாக நிற்கும். நூலின் அமைப்பில் ஒழுங்கில்லை, ஒன்றைச் சொல்லத் தொடங்கி வேறொன்றுக்குத் தாவுகிறார் என்ற குறை கூறப்படும்; வயதானவர் அப்படித்தான் பேசுவார் என்ற பெருந்தன்மையும் அதனோடு சேர்த்து வழங்கப்படும். கதையை எடுத்துக்கொண்டு கதை சொன்னவரைத் திண்ணையிலேயே விட்டுவிட்டுப் போவது வீட்டுப் பேரப்பிள்ளைகளின் வழக்கம் மட்டுமன்று போலும்.

அந்த ஒழுங்கின்மைக் குற்றச்சாட்டை நாம் ஏற்க வேண்டியதில்லை. 'இஃதிபார்' என்ற சொல்லின் வேரில் 'கடத்தல்' என்னும் பொருள் உள்ளது: ஒன்றைக் கண்டு அதிலிருந்து இன்னொன்றுக்குக் கடந்து படிப்பினை பெறுதல். உஸாமா காலவரிசையைக் கைவிட்டு ஒப்புமைவழிச் செல்கிறார். ஒரு குத்தில் மாண்ட மாவீரனைச் சொன்னவுடன், கொடிய காயங்களுடன் பிழைத்தவனைச் சொல்கிறார். இவ்வாறு அடுக்கடுக்காகச் சென்று, ஆயுள் வரையறுக்கப்பட்டது, போரில் பாய்வதால் அது குறைவதுமில்லை, பதுங்குவதால் நீள்வதுமில்லை என்னும் இடத்தில் வந்து நிற்கிறார். அதற்கு அவர் காட்டும் இறுதிச் சான்று தம் சொந்த உடல்தான். எத்தனையோ போர்களில் தேடிச் சென்றும் கிட்டாத மரணம் அவரைப் படுக்கையும் சலித்துப்போகும் முதுமையில் கொண்டுவந்து விட்டிருக்கிறது. கதைகளை மட்டும் உருவியெடுக்கும் வாசிப்பு இந்த முடிவைத் தவறவிட்டுவிடுகிறது.

ஒரே ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். தபரிய்யாவில் பரங்கியர் கொண்டாடிய திருவிழா ஒன்றை உஸாமா கண்டார். குதிரைவீரர்கள் ஈட்டி விளையாட்டுக்குப் புறப்பட்டபோது தளர்ந்த கிழவியர் இருவரையும் அழைத்துச் சென்றனர். திடலின் ஒரு முனையில் அவர்களை நிறுத்தி, மறுமுனையில் மயிர் நீக்கிய பன்றியொன்றைப் பாறைமேல் பரிசாக வைத்தனர். கிழவியர் ஓட வேண்டும். குதிரைவீரர்கள் உடன்சென்று விரட்ட வேண்டும். அவர்கள் அடிக்கொருதரம் விழுந்து எழ, கூட்டம் சிரித்தது. இறுதியில் ஒருத்தி முந்திப் பரிசைப் பெற்றாள். உஸாமா இவ்வளவே சொல்கிறார். சினந்து ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. பரங்கியரின் பண்பாட்டுக் குறைவுக்குச் சான்றாக இப்பகுதி எத்தனையோ முறை எடுத்தாளப்பட்டிருக்கிறது. (பரங்கியர் என்ற நம் சொல்லே உஸாமா வழங்கிய 'இஃப்ரஞ்ச்' என்பதன் வழிவந்ததுதான்.)

ஆனால் நூலில் இதற்குச் சில பக்கங்கள் முன்னதாக வேறொரு கிழவி வருகிறாள். அவள் உஸாமாவின் பாட்டி. நூறு வயதை நெருங்கியவள். இளைஞரான உஸாமா ஒருநாள் சிங்கத்தைக் கொன்று அதன் தலையுடன் மாலையில் ஊர் திரும்புகிறார். இருட்டில் மெழுகுவிளக்கு வெளிச்சத்துடன் பாட்டி வருவதைக் கண்டு, பாராட்ட வருகிறாள் என்று எண்ணுகிறார். அவளோ கடிந்துகொள்கிறாள். கோட்டையை ஆளும் உன் சிறிய தந்தையின் மனம் இத்தகைய வீரத்தால் உன்னைவிட்டு மேலும் விலகும் என்பது அவள் சொன்னதன் சாரம். அவரை மகிழ்விக்கவே இதையெல்லாம் செய்கிறேன் என்று பேரன் மறுமொழி கூறியும் அவள் ஒப்பவில்லை. அரண்மனையின் உள்ளோட்டத்தை அந்த முதியவள் படித்திருந்தாள். பின்னாளில் உஸாமா ஷைஸரைவிட்டே வெளியேற நேர்ந்தது. அதே பாட்டி ஷஃபான் நடு இரவில் நின்று தொழுகிறாள். எழுபது வயதான மகன் இரக்கம் கொண்டு, அமர்ந்து தொழுமாறு வேண்டுகிறார். இன்னொரு முறை இந்த இரவைக் காணும் அளவுக்கு ஆயுள் மிஞ்சியிருக்கிறதா என்று கேட்டு அவள் உட்கார மறுக்கிறாள். எழுபது வயது மகனும் நூறு வயதுத் தாயும் ஒருவரையொருவர் காக்க முயலும் இக்காட்சிக்கு ஈடாக, வீரம் நிறைந்த அந்நூலில் வேறொன்று எனக்குத் தென்படவில்லை.

இனி மூன்றாவதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். போர்ப்பகுதியின் முடிவில் உஸாமா தம் முதுமையைப் பற்றிப் பேசுகிறார். ஈட்டி ஏந்திச் சிங்கத்தை வீழ்த்திய கை எழுதுகோலைப் பிடிக்கவும் நடுங்குகிறது. கோலூன்றி நடந்தாலும் சேற்றில் கால் வைப்பதுபோல இருக்கிறது. விழுந்து விழுந்து எழுந்த அந்தக் கிழவியரையும் நின்றே தீருவேன் என்ற பாட்டியையும் சொன்னவர் யார் என்பது இப்போதுதான் முழுமையாக விளங்குகிறது. தபரிய்யாவில் கண்டபோது அவர் நடுவயதினர். குதிரைமேல் இருந்தவர்களின் இனத்தைச் சேர்ந்த வீரர். கிழவியரின் இனத்தவர் அல்லர். அதை நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும்போது அவர் கால்களும் அக்கிழவியரின் கால்களாகியிருந்தன. கருத்துரை எதுவும் சேர்க்காத அந்த அமைதியைப் பலர் அலட்சியம் என்று படித்திருக்கக்கூடும். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

இவ்விடத்தில் நம் வாசகர் சிலர் மகிழ்ந்துவிடக்கூடும்: பார்த்தீர்களா, அவர்கள் கிழவியரை ஓடவிட்டுச் சிரித்தார்கள், நாம் நள்ளிரவுத் தொழுகையில் அமரச் சொல்லி வேண்டினோம் என்று. அந்த மகிழ்ச்சி நெடுநேரம் நிற்காது. நம் தமிழகத்தின் தென்மாவட்டங்களில், தள்ளாத முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்துச் சாகவிடும் 'தலைக்கூத்தல்' வழக்கத்தைப் பற்றிய செய்திகள் 2010இல் நாளேடுகளில் வெளிவந்தன. அதைப் பொருளாகக் கொண்ட 'பாரம்' என்னும் திரைப்படம் 2018ஆம் ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப்படத்துக்குரிய தேசிய விருதைப் பெற்றது. அது வேறொரு சமூகத்தின் வழக்கம் என்று ஒதுங்குவோர், தம் தெருவில் பின்கட்டு அறையில் உணவு மட்டும் தட்டில் வைத்துத் தள்ளப்படும் முதியவரை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

ஒரு சமூகம் முதியவரிடம் எதைப் பெற்றுக்கொண்டது என்ற கணக்கை முதலில் எழுப்பியவர்களுள் உமர் (ரலி) அவர்களை வைக்க வேண்டும். காழி அபூ யூஸுஃபின் 'கிதாபுல் கராஜ்' அந்நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறது. வாசலில் இரந்து நின்ற, பார்வையிழந்த முதியவர் ஒருவர் யூதர் என்றும், ஜிஸ்யா வரிக்காகவும் வயிற்றுக்காகவும் இரக்கிறார் என்றும் அறிந்த கலீஃபா, அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று உதவினார். பின்னர் பொதுநிதிக் காப்பாளரிடம், இவருடைய இளமையை உண்டுவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியன்று என்ற கருத்துப்பட ஆணையிட்டு, அவரையொத்தோரின் வரியை நீக்கினார். இங்கே அவர் மகனிடம் பேசவில்லை. அரசின் கருவூலத்திடம் பேசுகிறார். முதுமை ஒரு குடும்ப விவகாரம் என்ற நம் வசதியான எண்ணம் இந்த இடத்தில் உடைகிறது. இந்திய நாட்டில் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. மாதம் பத்தாயிரம் ரூபாய்வரை பராமரிப்புத் தொகை வழங்கப் பிள்ளைகளுக்கு ஆணையிட அது இடம் தந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அறுபது வயதைக் கடந்தோர் பத்துக் கோடிக்கும் மேல். சட்டம் வேண்டியதுதான், ஆனால் அதுவும் பெரும்பாலும் மகனையே தேடிப் போகிறது.

மீண்டும் இலக்கியத்துக்கு வருவோம். அரபுக் கவிதையில் முதுமைக்கு இடமில்லாமல் இல்லை. நரைக்கென்றே ஒரு தனித்துறை உண்டு. பதினொன்றாம் நூற்றாண்டு பக்தாதின் அறிஞர் ஷரீஃப் முர்தளா, நரையையும் இளமையையும் பற்றிய பாடல்களை அபூ தம்மாம், புஹ்துரீ, தம் சகோதரர் ரளீ ஆகியோரிடமிருந்தும் தம் கவிதைகளிலிருந்தும் தொகுத்து ஆராய்ந்து தனிநூலே செய்தார். அத்துறையின் அழகு மறுக்கவியலாதது. ஆயினும் அதில் வரும் நரை பெரும்பாலும் இளமை நீங்கியதற்கான அறிகுறி. காதலியர் முகம் திருப்பிக்கொள்வதற்கான காரணம். அங்கே அழிவது தோற்றம். இன்றைய முகப்பூச்சு, தலைச்சாய விளம்பரங்கள் விற்பதும் அதே அச்சத்தைத்தான், கவிதையின்றி. உஸாமா இத்துறையை நன்கறிந்த கவிஞர். அப்படியிருந்தும் நினைவுநூலில் அவர் தோற்றத்துக்கு வருந்தவில்லை. கை நடுங்குவதும் கால் துவள்வதும் செயலற்றுக் கிடப்பதுமே அவருடைய துயரம். நரைத்துறையில் காதலி விலகுகிறாள். உஸாமாவிடம் வேலை விலகுகிறது. எனக்குப் பின்னதே கொடிதாகத் தோன்றுகிறது.

அவருக்குத் தம் ஊன்றுகோலைப் பற்றி ஒரு நூலே எழுதத் தோன்றியது. 'கிதாபுல் அஸா' என்ற பெயருடைய நூலொன்றைப் பற்றி இளமையில் தந்தையிடம் கேட்டு, நெடுங்காலம் ஊரூராகத் தேடியும் கிடைக்காமல், முதுமையில் தாமே அப்பெயரில் ஒன்றை இயற்றினார். மூஸா (அலை) அவர்களின் கைத்தடி முதலாகக் கோல்களைப் பற்றிய செய்திகளும் கவிதைகளும் அதில் குவிந்துள்ளன. தமிழ் வாசகருக்கு இவ்விடத்தில் புறநானூற்றின் 243ஆம் பாடல் நினைவுக்கு வராமற்போகாது. அதைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. பூண் கட்டிய தம் ஊன்றுகோலைப் பாடியதாலேயே தொடித்தலை விழுத்தண்டினார் என்று அவர் அறியப்பட்டார். நீர்த்துறையின் மருதக்கிளையில் ஏறி மடுவில் குதித்து, அடிமணலை அள்ளி வந்து காட்டிய இளமையை, இருமலுக்கிடையே சில சொற்களாகப் பேசும் முதியவர் நினைந்து இரங்குவது அப்பாடல். காலத்தாலும் நாட்டாலும் தொடர்பில்லாத இருவரையும் இணைப்பது கோல் மட்டுமன்று. இருவரும் தம் முதுமையைத் தாமே பேசுகின்றனர். மகனின் குற்றவுணர்ச்சி வழியாக முதுமையைப் பார்க்கும் நம் காலத்துச் சிறுகதைகளிலும் திரைப்படங்களிலும் பெரும்பான்மையானவை இழந்துவிட்டது இதைத்தான். முதியோர் இல்லத்து வாசலில் கண்ணீருடன் நிற்கும் தாயை நாம் எத்தனையோ முறை பார்த்துவிட்டோம். அவள் என்ன நினைக்கிறாள் என்பது மகன் திருந்துவதற்குப் பயன்படும் அளவுக்கே நமக்குச் சொல்லப்படுகிறது.

முதியவர் அனைவரும் இரங்கத்தக்கவர் என்றும் கொள்ளலாகாது. தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி' (1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது) இதற்குச் சரியான மறுகுரல். அதன் முஸ்தபாக்கண்ணு பழம்பெருமையில் சாய்ந்து கிடந்தபடியே வீட்டை விற்றுத் தின்கிறார். அந்த வீட்டிலும் ஒரு கோல் உண்டு. அது ஊன்றுவதற்கன்று, பெண்களை அடிப்பதற்கு. அதிகாரம் கைநழுவுவதை ஏற்க மறுக்கும் அச்சம் எத்துணைக் கொடுமையாக மாறும் என்பதை மீரான் மழுப்பாமல் எழுதினார். உஸாமாவின் சிறிய தந்தைக்கும் தம் அண்ணன் மகனின் இளமை அச்சமூட்டியிருக்க வேண்டும் என்பதைப் பாட்டி சொல்லாமல் சொன்னாள்.

உஸாமாவிடமும் குறை உண்டு. தபரிய்யாவின் கிழவியருக்குப் பெயரில்லை. தம் முதுமைக்கு இரங்கியவுடன் அவர் தொடங்குவது ஸலாஹுத்தீனின் புகழ்மாலை. மூலையில் கிடந்த தம்மைக் கடிதம் எழுதி அழைத்து, ஆலோசனை கேட்டு, மதித்தாரே என்ற நன்றி அதில் உண்மையானது. ஆனால் சுல்தான் அழைக்காத முதியவர்க்கு யார் என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. ஆதரவாளரின் தயவை நம்பி நிற்கும் முதுமை எத்துணை வலுவற்றது என்பது அவர் அறியாததன்று. சுல்தானுடனான அந்த நெருக்கமும் பிற்காலத்தில் தளர்ந்தது என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். இருந்தும் புகழ்மாலையில் அந்த ஐயத்தின் நிழல்கூட இல்லை. பிரபுவாகப் பிறந்து பிரபுவாகவே முதிர்ந்தவர் அவர்.

அவருடைய நடையில் பேச்சு வழக்கின் சாயல் மிகுதி. ஆகவே அவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதியிருக்க வேண்டும் என்பர். நடுங்கும் கையைப் பற்றி அவரே கூறுவதோடு இது பொருந்துகிறது. அப்படியானால் அந்நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் இன்னொருவர் அமர்ந்திருக்கிறார்: தாவித் தாவிச் செல்லும் ஒரு முதியவரின் பேச்சை இடைமறிக்காமல் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர். அவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

கிடைத்திருக்கும் பெயர் வேறொன்று. எஸ்கோரியல் கைப்பிரதியின் முடிவில் ஹி. 610 ஸஃபர் மாதத்துக் குறிப்பொன்று உள்ளது, 1213ஆம் ஆண்டு. உஸாமா மறைந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் மகன் முர்ஹஃபும் அப்போது எண்பதைக் கடந்த முதியவர். அவருடைய பேரன் பாட்டனார்முன் பல அமர்வுகளில் இந்நூலை முதலிலிருந்து இறுதிவரை படித்துக்காட்டி, பிறர்க்கு எடுத்துரைக்க அனுமதி கேட்டிருக்கிறார். படித்தது சரியே என்று கீழே எழுதி, அவனுடைய பாட்டன் என்று குறிப்பிட்டு, முர்ஹஃப் தம் கைப்படவே ஒப்பமிட்டிருக்கிறார்.